கடையில் ரொக்கம் குறைகிறது, புழக்கத்தில் நோட்டு கூடுகிறது: இதை எப்படி ஆராய்வது?

கேள்வி சுருக்கமாக இது: "கடைகளில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். ஆனால் மத்திய வங்கிகளின் கணக்கில் புழக்கத்திலுள்ள நோட்டுகளின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. மக்கள்தொகையில் முதியோர் பெருகுவதுதான் இதற்குக் காரணம் என்று ஆய்வேடு எழுத நினைக்கிறேன். எந்தத் தரவை எடுப்பது, எந்த முறையில் போவது?"

தலைப்பு நல்ல தலைப்புதான். முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் சிக்கல். "ரொக்கத் தேவை" என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் நாலைந்து வெவ்வேறு சரக்குகள். அன்றாடச் செலவுக்குப் பையில் இருக்கும் பணம் ஒன்று. அவசரத்துக்கு என்று பீரோவில் வைத்தது இன்னொன்று. நாட்டுக்கு வெளியே போய் அங்கேயே தங்கிவிட்டது, வங்கிகளின் பெட்டகத்தில் கிடப்பது, தொலைந்தும் மறந்தும் போய் இனி திரும்பவே வராதது என்று மற்றவை. ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்துக்காக ஏறி இறங்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எடுத்து, முதியோர் விகிதத்தோடு ரிக்ரஷன் (ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று எவ்வளவு விளக்குகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை) போட்டால் ஏதோ ஒரு எண் வரும், புள்ளியியல்படி முக்கியம் என்று காட்டும் நட்சத்திரக் குறியோடுகூட வரும். ஆனால் அது எதை அளக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

யூரோவை எடுத்துக்கொள்வோம், தரவு தெளிவாகக் கிடைப்பதால். ஐரோப்பிய மத்திய வங்கியின் கணக்கெடுப்பில், கடைகளில் நேரில் நடக்கும் பரிவர்த்தனைகளில் ரொக்கத்தின் பங்கு எண்ணிக்கை அளவில் 2019இல் 72%, 2022இல் 59%, 2024இல் 52%. மதிப்பு அளவில் அதே ஆண்டுகளில் 47%, 42%, 39%. இதே காலத்தில் புழக்கத்திலுள்ள யூரோ நோட்டுகள் 2019 இறுதியில் சுமார் 1.29 லட்சம் கோடி யூரோவாக இருந்து 2024 இறுதியில் சுமார் 1.59 லட்சம் கோடி ஆயின. ஏறத்தாழ 23% ஏற்றம். "நோட்டுப் புதிர்" என்று பொருளாதார வட்டாரத்தில் பேசப்படுவது இதுதான்.

இங்கேயே முதல் பள்ளம் இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளில் யூரோ பகுதியின் விலைவாசியும் ஏறத்தாழ 20% ஏறியது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஐந்தாண்டு ஏற்றம் மிகச் சிறியது. வருடவாரியாகப் பிரித்தால் படம் இன்னும் மாறும். 2020இல் மட்டும் நோட்டுகள் 11% கூடின, 2021இல் 7 சதவீதத்துக்கு மேல். 2022 நடுப்பகுதிக்குப் பிறகு கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதாவது உண்மையான மதிப்பில் பார்த்தால், முதலில் தாவல், பிறகு சரிவு. 2022 ஜூலையில் என்ன நடந்தது? ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வங்கிகள் வைக்கும் டெபாசிட்டுக்கான வட்டியை −0.5 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு உயர்த்தியது, 2023 செப்டம்பருக்குள் அது 4 சதவீதத்தைத் தொட்டது. வட்டி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தவரை வங்கிகளே நோட்டுகளைப் பெட்டகத்தில் அடுக்கி வைப்பதில் லாபம் கண்டன. அந்தக் காரணம் போனதும் திருப்பிக் கொடுத்தன. இந்த நகர்வில் முதியோருக்கு எந்தப் பங்கும் இல்லை. எனவே முதல் வேலை: "புழக்கத்திலுள்ள பணம்" என்ற வரிசையை (காலவாரியான எண்களின் தொடரை) எடுக்காதீர்கள். அதிலிருந்து வங்கிகளின் கையிருப்பைக் கழித்த "பொதுமக்களிடம் உள்ள பணம்" என்ற வரிசையை எடுங்கள். அதை விலைக் குறியீட்டால் வகுத்த பிறகுதான் மற்ற பேச்சு.

மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. படம் வரைய வசதி, ஆய்வுக்கு ஆபத்து. 2020இல் பல நாடுகளில் இந்த விகிதம் குதித்ததற்கு ஒரு பகுதிக் காரணம், மேலே இருக்கும் எண் கூடியது அல்ல, கீழே இருக்கும் எண் சுருங்கியது.

அடுத்து, கோட்பாடு. செலவுக்கான ரொக்கத்துக்கு பொருளாதார அறிஞர்கள் பாமோல் 1952இலும் டோபின் 1956இலும் தனித்தனியே வந்தடைந்த கணக்கு இன்றும் அடிப்படை. ஒரு மாதத்தில் ரொக்கமாகச் செலவழிக்கும் தொகை, ஒரு தடவை பணம் எடுத்து வர ஆகும் செலவு (கட்டணம், நேரம், அலைச்சல்), கையில் வைத்திருப்பதால் இழக்கும் வட்டி, இந்த மூன்றும் போதும். சராசரிக் கையிருப்பு = √(எடுக்கும் செலவு × மாதச் செலவு ÷ (2 × வட்டி)). மாதச் செலவு 30,000, ஒரு தடவை எடுக்க 20, மாத வட்டி 0.5% என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் சரி. விடை சுமார் 7,746. அதாவது ஒவ்வொரு தடவையும் 15,492 எடுக்க வேண்டும், மாதம் ஏறக்குறைய இரண்டு தடவை. எடுக்கும் செலவு மாதத்துக்கு 38.7, இழக்கும் வட்டியும் 38.7. இரண்டும் சமமாக வந்தால் கணக்கு சரி என்று அறிந்துகொள்ளலாம்.

இப்போது வட்டியைப் பத்தில் ஒன்றாக்குங்கள், 0.05%. சராசரிக் கையிருப்பு 24,495 ஆகிறது. கவனியுங்கள்: வட்டி கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத நிலையிலும் கையிருப்பு ஒரு மாதச் செலவைத் தாண்டவில்லை. நிஜத்தில் எவ்வளவு இருக்கிறது? 1.59 லட்சம் கோடி யூரோவை யூரோ பகுதியின் சுமார் 35 கோடி மக்களால் வகுத்தால் குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 4,500 யூரோ. அமெரிக்காவில் சுமார் 2.3 லட்சம் கோடி டாலரை 34 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 6,700 டாலருக்கு மேல். ஆனால் அதே அமெரிக்காவில் அதன் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நடத்தும் கணக்கெடுப்புகளில் மக்கள் பையில் இருப்பதாகச் சொல்லும் தொகை சராசரியாக நூறு டாலருக்கும் குறைவு. இந்த இடைவெளியைச் செலவுத் தேவையை வைத்து நிரப்பவே முடியாது.

இதே சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது. ரொக்கச் செலவு குறைந்தால் கையிருப்பு அதே வேகத்தில் குறையாது, வர்க்கமூல வேகத்தில்தான் குறையும். ரொக்கத்தின் மதிப்புப் பங்கு 47இலிருந்து 39 ஆனது, அதாவது 17% சரிவு. மொத்தச் செலவு மாறவில்லை என்று வைத்தால் சூத்திரம் சொல்லும் சரிவு 9%தான். செலவுப் பணமே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், மொத்தத்தில் தெரிய வேண்டிய சரிவு 2 சதவீதத்துக்கும் குறைவு. வேறு எந்தச் சிறு அசைவும் அதை மூடி மறைத்துவிடும். புதிரில் பாதி இந்தச் சாதாரணக் கணக்கிலேயே கரைந்துவிடுகிறது.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். பை காலியாகும் வரை காத்திருந்து பணம் எடுப்பவர் யாரும் இல்லை. இத்தாலியக் குடும்பங்களின் தரவை வைத்து அல்வாரெஸ், லிப்பி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கையாண்டது: போகிற வழியில் ஏடிஎம் இருந்தால் கையில் மீதி இருக்கும்போதே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே அவசரத்துக்கான ஒரு அடிமட்ட இருப்பு எப்போதும் இருக்கும். உங்கள் கணக்கெடுப்பில் "கடைசியாகப் பணம் எடுத்தபோது கையில் எவ்வளவு மீதி இருந்தது?" என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தால் இதை அளந்துவிடலாம். பெரும்பாலானோர் சேர்ப்பதில்லை.

சரி, மொத்தத்தைப் பிரிப்பது எப்படி? நேரடியாக எண்ண வழியில்லை. நோட்டு எங்கே இருக்கிறது என்று நோட்டு சொல்லாது. ஆகவே மறைமுக முறைகள். அதில் மிகவும் பயனுள்ளது, மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும், பருவகால முறை. டாலரில் எவ்வளவு வெளிநாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஃபெடரல் ரிசர்வின் போர்ட்டர், ஜட்சன் இருவரும் 1996இல் இதைப் பயன்படுத்தினார்கள்.

தர்க்கம் எளிது. செலவுக்கான பணம் பண்டிகைக் காலத்தில் ஏறும், பிறகு இறங்கும். பீரோவில் கிடக்கும் பணத்துக்கும் கடல் கடந்து போன பணத்துக்கும் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது, அல்லது மிகக் குறைவு. ஆகவே மொத்தத்தில் ஏற்ற இறக்கம் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால், உறங்கும் பணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்ப்பது போல.

செய்முறை: மாத வரிசையை எடுத்து, எக்ஸ்-13 போன்ற மென்பொருளில் பருவகாலக் காரணியைப் பிரியுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் உச்ச மாதத்துக்கும் அடிமட்ட மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். இதையே ஒரு ஒப்பீட்டு வரிசைக்கும் செய்யுங்கள். ஒப்பீட்டு வரிசை என்பது கிட்டத்தட்ட முழுவதும் செலவுக்கே பயன்படும் பணம். அமெரிக்க ஆய்வில் கனடா டாலரை எடுத்தார்கள்: அதே மாதிரியான பண்டிகைகள், ஆனால் வெளிநாட்டில் பெரிய தேவை இல்லை. நாணயங்களையோ சிறு மதிப்பு நோட்டுகளையோ எடுப்பவர்களும் உண்டு. மொத்தத்தின் வித்தியாசம் 3.6 புள்ளி, ஒப்பீட்டு வரிசையின் வித்தியாசம் 12 புள்ளி என்றால், செலவுக்கான பங்கு 3.6 ÷ 12 = 30%.

எங்கே தவறுகிறது? வகுக்கும் எண்ணில். ஒப்பீட்டு வரிசையின் வித்தியாசம் 12க்குப் பதில் 9 என்று வந்தால் விடை 40% ஆகிவிடும். எந்த வரிசையைத் தேர்ந்தோம் என்பதே பத்துப் புள்ளிகளை மாற்றிவிடுகிறது. ஆகவே ஒரே ஒப்பீட்டோடு நிற்காமல் இரண்டு மூன்று வைத்துச் செய்து எல்லா விடைகளையும் அட்டவணையில் காட்டுங்கள். இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. பண்டிகைச் செலவு கார்டுக்கும் மொபைலுக்கும் மாறிப் போகும்போது, ரொக்கத்தின் பருவகால ஏற்ற இறக்கம் தானாகவே மங்கும். பத்து வருடத்துக்கு முந்தைய ஒப்பீட்டு எண்ணை இன்றைய மொத்தத்தோடு வைத்தால், செலவுப் பங்கு குறைந்ததாகவும் பதுக்கல் பெருகியதாகவும் தோன்றும். பெருகியிருக்கவே வேண்டியதில்லை. மூன்றாவது, சந்திர நாட்காட்டியைப் பின்பற்றும் பண்டிகைகள். அவை ஒரு வருடம் ஒரு மாதத்திலும் மறு வருடம் அடுத்த மாதத்திலும் விழும். மென்பொருளுக்கு இது தெரியாது. தேதிகளை நீங்களே தனி மாறியாகக் கொடுக்காவிட்டால் பருவகாலக் காரணி குழம்பி, உச்சம் தட்டையாகி, விடை மீண்டும் பதுக்கல் பக்கம் சாயும். மாதக் கடைசி நாள் விடுமுறையில் விழுவதும் இப்படித்தான். முடிந்தால் மாத இறுதி எண்ணுக்குப் பதில் தினசரி சராசரியை எடுங்கள்.

இரண்டாவது முறை, நோட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மத்திய வங்கிக்குத் திரும்புகிறது என்று பார்ப்பது. தரம் பிரிக்கும் இயந்திரத்தில் ஓராண்டில் வந்த தாள்களின் எண்ணிக்கையைப் புழக்கத்தில் உள்ள சராசரித் தாள்களால் வகுக்க வேண்டும். ஒரு சிறு மதிப்பு நோட்டு 100 கோடித் தாள் புழக்கத்தில் இருந்து, ஆண்டுக்கு 300 கோடித் தாள் திரும்பினால், சராசரியாக நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறது. பெரிய நோட்டு அதே 100 கோடி இருந்து 40 கோடிதான் திரும்பினால், இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை. செலவில் இருக்கும் பெரிய நோட்டும் சிறிய நோட்டின் வேகத்திலேயே சுற்றும், உறங்குவது திரும்பவே திரும்பாது என்று எடுத்துக்கொண்டால், பெரிய நோட்டில் செலவுக்கானது 0.4 ÷ 3, சுமார் 13%.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை இரண்டு. கடைக்காரர்கள் வாங்கிய நோட்டையே சில்லறையாகத் திருப்பிக் கொடுப்பார்கள், சில வங்கிக் கிளைகளில் டெபாசிட் இயந்திரம் வாங்கிய நோட்டையே அடுத்தவருக்குத் தரும். அப்படியானால் நோட்டு நன்றாகச் சுற்றிக்கொண்டே இருந்தும் மத்திய வங்கியை எட்டாது, நாம் அதை உறங்குவதாக எண்ணிவிடுவோம். மற்றது ஏடிஎம். அதில் வைக்கும் நோட்டின் மதிப்பை 20இலிருந்து 50க்கு மாற்றினாலே போதும், 50இன் வரிசை ஏறும், 20இன் வரிசை விழும். மக்கள் பழக்கம் ஒன்றும் மாறியிருக்காது. மதிப்புவாரி வரிசையில் திடீர் முறிவைக் கண்டால் கோட்பாட்டைத் தேடும் முன் ஏடிஎம் நிர்வாகத்தின் சுற்றறிக்கையைத் தேடுங்கள்.

தொலைந்த நோட்டுகளைப் பலர் அற்பம் என்று விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு அற்பம் அல்ல. 2002இல் யூரோ நோட்டுகள் வந்தன. ஜெர்மனியின் பழைய மார்க்கை இன்றும் எந்தக் கால வரம்பும் இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். அப்படியிருந்தும் 1,200 கோடி மார்க்குக்கு மேல் இன்னும் திரும்பவில்லை. ஸ்வீடன் கதை இதற்கு மறுபக்கம். 2007க்குப் பின் பத்தாண்டுகளில் அங்கே புழக்கத்திலுள்ள ரொக்கம் ஏறக்குறைய பாதியானது. எல்லோரும் அதை மின்னணுப் பணத்தின் வெற்றியாகவே மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 2015 முதல் 2017 வரை அங்கே நோட்டுகளையும் பெரும்பாலான நாணயங்களையும் புதிதாக மாற்றி, பழையதைச் செல்லாததாக்கினார்கள். பழைய பணம் செல்லாது என்றால் பெட்டியில் மறந்து கிடந்தது வெளியே வரும், வராதது கணக்கிலிருந்து போகும். பல பெரிய நாணயங்களில் பழைய நோட்டு எப்போதும் செல்லும். ஆகவே ஸ்வீடனின் சரிவையும் டாலரின் ஏற்றத்தையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கார்டு பயன்பாட்டின் விளைவு" என்று தலைப்பிடுவது நியாயமில்லை.

ரிக்ரஷனுக்கு வருவோம். இங்கே ஒரு நல்ல செய்தி. வழக்கமாகத் தேவைக் கோட்டை மதிப்பிடும்போது வழங்கலும் சேர்ந்து குழப்பும். ரொக்கத்தில் அந்தத் தொல்லை சாதாரணமாக இல்லை: வங்கி கேட்டால் மத்திய வங்கி நோட்டு கொடுத்துவிடும், திருப்பினால் வாங்கிக்கொள்ளும். ஆகவே வெளியில் உள்ள அளவே தேவையின் அளவு. விதிவிலக்குகள் உண்டு. இந்தியாவில் 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள், அதாவது புழக்கத்தில் இருந்த மதிப்பில் 86%, செல்லாதென அறிவிக்கப்பட்டன. பிறகு அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பின. அந்த மாதங்களில் தாழ்ந்த எண் வழங்கல் தட்டுப்பாட்டைக் காட்டுகிறது, மக்களின் தேவையைக் காட்டவில்லை. அதைத் தேவைச் சமன்பாட்டில் சாதாரணப் புள்ளியாகச் சேர்த்தால் சமன்பாடு தரும் எல்லாக் கெழுக்களும் (ஒவ்வொரு காரணத்தின் பலத்தைக் காட்டும் எண்கள்) கோணலாகும். தட்டுப்பாடாகவே எடுத்துக்கொண்டால் அது பொன்னான சோதனை. கீதா கோபிநாத் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு மாவட்டந்தோறும் புது நோட்டு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பயன்படுத்தி, 2016இன் கடைசிக் காலாண்டில் பொருளாதார நடவடிக்கை, தட்டுப்பாடு இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிடக் குறைந்தபட்சம் 2 சதவீதப் புள்ளிகள் குறைந்தது என்று மதிப்பிட்டது.

இடதுபக்கம் பொதுமக்களிடம் உள்ள பணத்தின் உண்மை மதிப்பு, லாக் (மடக்கை) எடுத்து. வலதுபக்கம் உற்பத்திக்குப் பதில் குடும்பங்களின் நுகர்வுச் செலவு, அதிலும் வாடகை போன்று ரொக்கத்தில் நடக்காதவற்றை நீக்கி. வட்டிக்கு மத்திய வங்கியின் கொள்கை விகிதத்தை வைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர் இழப்பது டெபாசிட் வட்டியைத்தான். கொள்கை விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே போன காலத்திலும் பெரும்பாலான சாதாரண வைப்பாளர்களின் கணக்கு பூஜ்யத்தில்தான் நின்றது. வட்டிக்கும் லாக் எடுப்பதா வேண்டாமா என்பது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. லாக் எடுத்தால் 5 சதவீதம் 2.5 ஆவதும், 0.5 சதவீதம் 0.25 ஆவதும் ஒரே பலம். எடுக்காவிட்டால் இரண்டாவது, முதலாவதில் பத்தில் ஒரு பங்கு. வட்டி மிகத் தாழ்ந்திருந்த ஆண்டுகள் உங்கள் தரவில் பாதி இருந்தால் இந்த ஒரு தேர்வே முடிவைத் தீர்மானித்துவிடும். வட்டி எதிர்மறையானால் லாக் எடுக்கவே முடியாது. இரண்டு வடிவிலும் ஓட்டி இரண்டையும் காட்டுவதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

எல்லா வரிசைகளும் காலத்தோடு மேலே ஏறுபவை. அப்படியே போட்டால் தொடர்பில்லாத இரண்டு விஷயங்களுக்கும் 0.95 பொருத்தம் வரும். முதியோர் விகிதத்தின் ஆபத்தே இதுதான்: அது வருடா வருடம் நேர்கோடு போல ஏறும், ஆகவே நேர்கோடு போல ஏறும் எதையும் "விளக்கும்". நீண்டகால இணை நகர்வு உண்மையில் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இருந்தால் மட்டும் பிழைதிருத்த மாடலுக்கு (நீண்டகாலப் பாதையிலிருந்து விலகியது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்கும் மாடல்) போங்கள்.

இப்போது உங்கள் மையக் கேள்வி, முதியோர். ரிக்ரஷனுக்கு முன்னால் ஒரு தாளில் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. விளக்கத்துக்காக இப்படி வையுங்கள்: 40 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 40% பரிவர்த்தனையை ரொக்கத்தில் செய்கிறார்கள், 40 முதல் 64 வரை 50%, அதற்கு மேல் 65%. மக்கள்தொகையில் இவர்கள் பங்கு 35, 45, 20 என்று இருந்தால் மொத்தச் சராசரி 49.5%. பழக்கம் எதுவும் மாறாமல், பங்கு மட்டும் 30, 45, 25 என்று மாறினால்? 50.75%. முதியோர் பங்கு ஐந்து புள்ளி கூடுவது பெரிய மாற்றம், பல நாடுகளில் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அது ரொக்கத்தின் பங்கைக் கூட்டுவது ஒன்றேகால் புள்ளி. யூரோ பகுதியில் ஐந்தே வருடத்தில் விழுந்தது இருபது புள்ளி. அமெரிக்காவில் எண்ணிக்கைப் பங்கு 2016இல் 31%, 2024இல் 14%. வயதுக் கட்டமைப்பு இந்த வெள்ளத்தில் ஒரு கைப்பிடி மண். உங்கள் நாட்டின் நிஜ எண்களை இதே கணக்கில் இட்டு, கிடைக்கும் விடையை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள்.

இதற்கு மேல், "முதியவர் ரொக்கம் அதிகம் பயன்படுத்துகிறார்" என்பதிலேயே மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதானதால் பயன்படுத்துகிறாரா, குறிப்பிட்ட தலைமுறையில் பிறந்ததாலா, கணக்கெடுத்த ஆண்டு அப்படிப்பட்டதாலா? கணக்கெடுத்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு. இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே வந்துவிடும். ஆகவே மூன்றையும் நேர்கோட்டு மாறிகளாகப் போட்டுப் பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. பிரித்துத் தந்ததாகச் சொன்னால் ஏதோ ஒன்றை அது தானே கைவிட்டிருக்கிறது, வெளியீட்டின் அடிக்குறிப்பைப் பாருங்கள். உழைப்பாளர்கள் மூப்படைவதால் உற்பத்தித்திறன் குறைகிறதா என்ற ஆய்வுகளையும் இதே முடிச்சுதான் வதைக்கிறது. அங்கே இன்னொரு வினையும் சேரும்: 60 வயதில் வேலையில் தொடர்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், களைத்தவர் ஏற்கெனவே போய்விட்டார். நாடுகளை ஒப்பிட்டு 2017இல் அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ இருவரும் பார்த்தபோது, மூப்புக்கும் தலா வருமான வளர்ச்சிக்கும் எதிர்பார்த்த பாதகத் தொடர்பு தென்படவில்லை. ஆள் குறையும் இடத்தில் இயந்திரம் வேகமாக வருவது அவர்கள் தந்த விளக்கம். "முதியோர் கூடினால் இது நடக்கும்" என்ற நேர்கோட்டு எதிர்பார்ப்பு எவ்வளவு எளிதாகப் பொய்க்கும் என்பதற்காகச் சொன்னேன்.

உங்களால் செய்ய முடிந்தது, ஒரே பிறப்புக் கூட்டத்தை அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் தொடர்வது. 2012இல் 45–54 வயதுக்காரர்கள் 2024இல் 57–66. ஆட்கள் வேறாக இருக்கலாம், கூட்டம் ஒன்றே. இவர்களின் ரொக்கப் பங்கு, இளைய கூட்டத்தின் அதே வேகத்தில் விழுந்திருந்தால், அது காலத்தின் விளைவு என்று வாதிட இடம் இருக்கிறது. மெதுவாக விழுந்திருந்தால் அங்கே பேச ஏதோ இருக்கிறது.

கணக்கெடுப்பை நீங்களே நடத்துவதானால் சில எச்சரிக்கைகள். நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் சிறு செலவுகள் மறக்கும், மறப்பவை பெரும்பாலும் ரொக்கச் செலவுகளே. ஒவ்வொரு செலவையும் அன்றன்றே குறிக்கும் நாட்குறிப்பு முறைதான் தேவை. மூன்று நாள் போதும். நாள் கூடக்கூடச் சலிப்பு வந்து பதிவு குறையும், ஆகவே முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் காட்டுங்கள். இணையம் வழி மட்டும் கேட்டால், ரொக்கத்தையே நம்பி வாழ்பவர்கள் வலையில் விழவே மாட்டார்கள். உங்கள் கருதுகோளில் முதியோர் இருப்பதால் இது சின்னக் குறை அல்ல, ஆய்வையே கவிழ்க்கும் குறை.

வீட்டில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டால் பொய்யோ மௌனமோதான் பதில். பட்டியல் முறை உதவும். ஒரு குழுவுக்கு நான்கு சாதாரண வாசகங்கள் கொடுத்து "எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மறு குழுவுக்கு அதே நான்கோடு "ஒரு மாதச் செலவுக்கு மேல் வீட்டில் ரொக்கம் வைத்திருக்கிறேன்" என்ற ஐந்தாவதைச் சேருங்கள். முதல் குழுவின் சராசரி 1.6, இரண்டாவதில் 1.9 என்றால், வைத்திருப்பவர்கள் 30%. யார் என்று யாருக்கும் தெரியாது. விலை, மாதிரி அளவில் இருக்கிறது. திட்ட விலக்கம் (பதில்களின் சிதறல்) 1 என்று வைத்தால், குழுவுக்கு 400 பேரில் பிழை வரம்பு ±14 புள்ளி. ±5 வேண்டுமானால் குழுவுக்கு 3,000 பேருக்கு மேல். இதை முன்கூட்டிக் கணக்கிடாமல் 200 பேரிடம் கேட்டுவிட்டு, "வயதுக் குழுக்களிடையே வேறுபாடு இல்லை" என்று எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். வேறுபாடு இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என்னைக் கேட்டால் கேள்வியைச் செலவிலிருந்து சேமிப்புக்குத் திருப்புங்கள். முதுமைக்கும் ரொக்கத்துக்கும் உள்ள தொடர்பு ஏதாவது பெரிதாக இருக்குமானால், அது கடையில் கொடுக்கும் பணத்தில் இருக்காது, வீட்டில் சேர்த்து வைத்ததில்தான் இருக்கும். சேர்ப்பு வருடங்களில் குவிவது, ஆகவே வயதோடு ஏற இயல்பான காரணம் இருக்கிறது. பெரிய மதிப்பு நோட்டுகளின் வரிசை, டெபாசிட் வட்டி, நெருக்கடி மாதங்களுக்கான தனி மாறி (2008 அக்டோபர், 2020 மார்ச் போன்றவை), வட்டாரவாரியாக முதியோர் பங்கு, இவை போதும். வட்டாரவாரித் தரவில் ஒரு பொறி: நோட்டு எங்கே வெளியிடப்பட்டது என்பது எங்கே இருக்கிறது என்பதல்ல. விமான நிலையமும் சுற்றுலாத் தலமும் வெளிநாட்டுத் தொழிலாளர் கூட்டமும் உள்ள வட்டாரத்தில் வெளியேறும் நோட்டு வேறெங்கோ திரும்பும். யூரோ போல ஒரே நாணயத்தைப் பல நாடுகள் பகிரும்போது இது பல மடங்கு.

கடைசியில் பருவகால முறை ஒரு பங்கைத் தரும், திரும்பும் வேகம் வேறொன்றைத் தரும், கணக்கெடுப்பு மூன்றாவதைத் தரும். மூன்றின் சராசரியை எடுத்து ஒரே எண்ணாக எழுத வேண்டாம், மூன்றும் அளப்பது வேறு வேறு. கீழ் வரம்பு, மேல் வரம்பு என்று இரண்டு எண்களை எழுதி, எந்த அனுமானம் எந்த வரம்பைத் தருகிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். வெளிநாட்டில் உள்ள யூரோ நோட்டுகளின் பங்கை ஐரோப்பிய மத்திய வங்கியே 30 முதல் 50% என்றுதான் வெளியிட்டிருக்கிறது. தேர்வாளர் கேட்டால் அதைக் காட்டலாம்.